சென்னையிலிருந்து தனுஷ்கோடி, கன்னியாகுமரிக்குக் காரில்: குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

வருடத்துக்கு ஒருமுறையாவது தெற்கே காரில் போய்வருவது எங்கள் வீட்டுப் பழக்கம். அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள், நான் என ஐந்து பேர். சென்னையில் தொடங்கி மதுரை, ராமேஸ்வரம், தனுஷ்கோடி, திருச்செந்தூர், கன்னியாகுமரி என்று சுற்றி வீடு திரும்ப ஏறக்குறைய 1,700 கிலோமீட்டர் ஆகும். இதே சுற்றுக்குக் கிளம்பும் உறவினர்களும் நண்பர்களும் முந்தின வாரம் போன் செய்து கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எத்தனை நாள் வேண்டும்?

ஏழு நாள் இருந்தால் நிம்மதியாகப் போய்வரலாம். ஐந்து நாள்தான் விடுப்பு என்றால் ராமேஸ்வரம், கன்னியாகுமரி இரண்டில் ஒன்றை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் திணித்தால் ஓட்டுகிறவருக்குக் கடலைப் பார்க்கக்கூட நேரம் இருக்காது.

நான் கிலோமீட்டரை வைத்துத் திட்டம் போடுவதில்லை. வெளிச்சம் எத்தனை மணி வரை என்பதை வைத்துத்தான் போடுகிறேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு வண்டி அறை வாசலில் நிற்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. முதல் நாள் காலை ஐந்து மணிக்குச் சென்னையை விட்டால் 460 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மதுரைக்குச் சாப்பாடு, ஓய்வு எல்லாம் சேர்த்துப் பிற்பகல் மூன்று மணிக்குள் போய்விடலாம். குளித்துவிட்டு மாலை மீனாட்சியம்மனைத் தரிசிக்கலாம். மறுநாள் மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் வழியாக ராமேஸ்வரம் 170 கிலோமீட்டர். மூன்றாம் நாள் முழுவதும் ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும். நான்காம் நாள் சாயல்குடி, தூத்துக்குடி வழியாகக் கடற்கரையை ஒட்டியே திருச்செந்தூர். ஐந்தாம் நாள் உவரி, கூடங்குளம் வழியாகக் கன்னியாகுமரி. 90 கிலோமீட்டர்தான் என்பதால் பிள்ளைகள் மெதுவாக எழுந்திருக்கலாம். கடைசி இரண்டு நாள் திரும்பி வருவதற்கு.

ராத்திரியில் ஓட்டினால் சாலை காலியாக இருக்குமே? வெயிலும் தெரியாதே?

எல்லோரும் கேட்பது இதுதான். என் பதில் ஒவ்வொரு முறையும் வேண்டாம் என்பதே.

பகல் முழுக்க அலுவலகத்தில் உட்கார்ந்துவிட்டு ராத்திரி பத்து மணிக்கு ஸ்டியரிங்கைப் பிடிப்பவருடைய உடம்பு விடியற்காலை இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிக்குள் தூக்கம் கேட்கும். டீ குடித்தாலும் முகம் கழுவினாலும் அது கொஞ்ச நேரத்துக்குத்தான் தள்ளிப்போகும். தூக்கம் சொல்லிக்கொண்டு வருவதில்லை. கண் திறந்தபடியே சில விநாடிகள் நினைவு தப்பிவிடும். மணிக்கு 90 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு விநாடியில் 25 மீட்டர் ஓடும். நான்கு விநாடி கண் அசந்தால் 100 மீட்டர் தூரத்துக்கு வண்டியை யாரும் ஓட்டவில்லை என்று அர்த்தம். விளக்கே போடாமல் ஓரத்தில் நிற்கும் லாரி நான்குவழிச் சாலையில் எந்த இடத்திலும் இருக்கலாம்.

அதனால் முந்தின நாள் சாயங்காலமே பெட்டிகளை ஏற்றிவிடுங்கள். ஓட்டுகிறவர் ஒன்பது மணிக்குப் படுத்துவிட வேண்டும். மூட்டை கட்டும் வேலை, பால்காரருக்குச் சொல்வது, காஸ் மூடுவது எல்லாம் மற்றவர்கள் பொறுப்பு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி எல்லோரும் கீழே இறங்கி நடக்க வேண்டும். ஓட்டத் தெரிந்தவர் இன்னொருவர் இருந்தால் சோர்வு வருவதற்கு முன்பே மாற்றிக்கொள்ளுங்கள்.

ஜிஎஸ்டி சாலையா, ஈசிஆரா?

மதுரை போக வேண்டுமானால் ஜிஎஸ்டி எனப்படும் கிராண்ட் சதர்ன் டிரங்க் சாலைதான். திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, திருச்சி வழியாக நான்குவழிச் சாலை நேராகக் கொண்டுபோய் விடும். ஈசிஆர் என்னும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், நாகப்பட்டினம் என்று இறங்குவது அழகுதான். ஆனால் ஊர்களுக்கு நடுவே புகுந்து போக வேண்டியிருப்பதால் நேரம் அதிகம் பிடிக்கும். டெல்டா பக்கம் அறுவடைக் காலத்தில் சாலையிலேயே நெல் காயும். ராமநாதபுரத்துக்குத் தெற்கே ஆட்டு மந்தைகள் சாலையைக் கடக்கும், அதுவும் பொழுது சாயும் நேரத்தில். அந்தப் பக்கம் ஓட்டும்போது ஹாரனை நம்பாமல் பிரேக்கை நம்புங்கள்.

எந்த மாதம் நல்லது?

பொங்கல் கழிந்த பிறகு ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. புயல் எச்சரிக்கை இருந்தால் ராமேஸ்வரம் தீவுக்குப் போவதையே தள்ளிப்போடுங்கள். பிள்ளைகளுக்கு மே மாதத்தில்தான் விடுமுறை என்றால் போகலாம். பதினொன்றிலிருந்து நான்கு மணி வரை வெயிலில் இறங்காதபடி நாளை அமைத்துக்கொள்ள வேண்டும்.

தை அமாவாசை, ஆடி அமாவாசை நாட்களில் முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்க ராமேஸ்வரத்தில் பெருங்கூட்டம் திரளும். அதற்காகவே போகிறவர்கள் அறையை வெகு முன்பே பதிவு செய்துவிடுங்கள், மற்றவர்கள் அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். தைப்பூசத்தை ஒட்டிப் பழனிக்கும் திருச்செந்தூருக்கும் பாதயாத்திரை போகிறவர்கள் இருட்டிலும் விடியலிலும் சாலையோரம் நடந்துகொண்டிருப்பார்கள். அவர்களில் வயதானவர்கள் உண்டு, தோளில் குழந்தையைத் தூக்கியவர்கள் உண்டு. வேகத்தைக் குறைத்து, தள்ளி ஓட்டுங்கள்.

வண்டியில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே பாருங்கள். முந்தின நாள் மெக்கானிக்கிடம் விட்டால், அவர் ஒரு குறையைக் கண்டுபிடித்தாலும் சரிசெய்ய நேரம் இருக்காது. பிரேக், கூலன்ட், என்ஜின் ஆயில், பேட்டரி, வைப்பர், எல்லா விளக்குகளும் வழக்கமானவை. நான் அதிகம் கவலைப்படுவது டயரைப் பற்றித்தான்.

டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. பட்டன் நன்றாக இருந்தாலும் பழைய டயரின் ரப்பர் இறுகி வெடிப்பு விட்டிருக்கும். வெயிலில் நெடுந்தூரம் ஓடும்போது அதுதான் வெடிக்கும். காற்றை டயர் சூடேறுவதற்கு முன், காலையில் பிடியுங்கள். ஐந்து பேரும் மூட்டைகளும் ஏறினால் எவ்வளவு காற்று வேண்டும் என்று ஓட்டுநர் கதவை ஒட்டிய ஸ்டிக்கரில் தனியாகப் போட்டிருக்கும். ஸ்டெப்னியிலும் காற்றைப் பாருங்கள். அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

ஜாக், வீல் ஸ்பேனர் இரண்டும் வண்டிக்குள் இருக்கிறதா என்று கையால் எடுத்துப் பாருங்கள். சில வருடங்களுக்கு முன் உளுந்தூர்பேட்டை தாண்டி எங்களுக்கு டயர் பஞ்சரானது. ஜாக் இருந்தது, ஸ்பேனர் இல்லை. சர்வீஸ் செய்த இடத்தில் எடுத்தவர்கள் திரும்ப வைக்கவில்லை. அம்மாவைப் புளியமர நிழலில் உட்காரவைத்துவிட்டு ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். ஒரு லாரி ஓட்டுநர் நிறுத்தி, தானே கழற்றி மாட்டிக் கொடுத்தார். காசு கொடுத்தும் வாங்கிக்கொள்ளவில்லை.

காகிதங்களில் உரிமம், ஆர்சி, காப்பீடு, புகைச் சான்று நான்கும் காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும். டிஜிலாக்கரில் வைத்திருந்தால் செல்லும்.

பெட்டிகளை எப்படி அடுக்குவது?

உளுந்தூர்பேட்டையில் டயர் பஞ்சரான அன்று ஸ்டெப்னியை எடுக்க டிக்கியில் இருந்த எல்லாவற்றையும் சாலையோரம் இறக்க வேண்டியிருந்தது. பெரும்பாலான கார்களில் ஸ்டெப்னி டிக்கியின் அடித்தட்டுக்குக் கீழேதான் இருக்கிறது. அதற்குப் பிறகு நாங்கள் பெரிய சூட்கேஸ் எடுத்துப் போவதே இல்லை. ஆளுக்கு ஒரு துணிப்பை. மெத்தென்று இருப்பதால் இண்டு இடுக்கில் எல்லாம் நுழையும், சட்டென்று தூக்கி வைக்கவும் முடியும்.

இன்னொரு வழக்கத்தையும் அதற்குப் பிறகுதான் கொண்டுவந்தோம். ஆளுக்கு ஒரு பை என்பது போக, 'முதல் ராத்திரிப் பை' என்று ஒன்று. ஐந்து பேருக்கும் ஒரு மாற்றுடை, பல் துலக்கும் சாமான்கள், சோப்பு, துண்டு, சார்ஜர். மதுரையில் அந்தப் பை மட்டும் அறைக்குப் போகும், மற்றவை வண்டியிலேயே கிடக்கும். ஒரு ராத்திரிக்காக எல்லாவற்றையும் மாடிக்கு ஏற்றி இறக்குவதில் முக்கால் மணி நேரம் வீணாகும்.

முன்சீட்டுக்காரர் காலடியில் ஒரு கூடை வையுங்கள். அதில் தண்ணீர், டார்ச், முதலுதவிப் பெட்டி, சில்லறை, ஈரத்துண்டு, பழைய செய்தித்தாள், குப்பை போட ஒரு துணிப்பை. பின்பக்கக் கண்ணாடியை மறைத்துத் தலையணையும் போர்வையும் குவிக்காதீர்கள். பிரேக் அடித்தால் அங்கிருக்கும் எதுவும் முன்னால் பறந்து வரும். கூரைமேல் கேரியர் வைத்துக் கட்டுகிறவர்கள் தார்ப்பாயை நான்கு பக்கமும் இறுக்குங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் வீசும் காற்றுக்குத்தான் அங்கே அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. தளர்ந்த தார்ப்பாயை அது கிழித்து எடுத்துவிடும்.

சுங்கச்சாவடிகளுக்கு என்ன ஏற்பாடு?

ஃபாஸ்டேகில் பணம் இருக்கிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள். டேக் இல்லாமலோ பணம் இல்லாமலோ நுழைந்தால் ரொக்கமாக இரண்டு மடங்கு, யுபிஐயில் ஒன்றேகால் மடங்கு கட்டணம் என்று 2025 நவம்பரில் விதி வந்தது.

அடிக்கடி ஊருக்குப் போய்வருகிறவர்கள் ஆண்டுப் பாஸ் எடுக்கலாம். 2025 ஆகஸ்ட் 15 அன்று 3,000 ரூபாய் கட்டணத்தில் அறிமுகமானது. ஓராண்டு அல்லது 200 முறை, எது முதலில் முடிகிறதோ அதுவரை செல்லும். இந்த வழியில் ஒரு சாவடியைக் கடந்தால் ஒருமுறை என்று கணக்கு. சொந்தக் கார், ஜீப், வேனுக்கு மட்டும்தான். வாடகை வண்டிக்குக் கிடையாது. தேசிய நெடுஞ்சாலைகளில்தான் செல்லும் என்பதையும் மறக்க வேண்டாம். மாமல்லபுரம் போகும் ஈசிஆர் சாவடி மாநில அரசின் கீழ் வருவது, அங்கே வழக்கமான கட்டணம் எடுப்பார்கள்.

டீசலுக்கு, பெட்ரோலுக்கு எவ்வளவு ஒதுக்க?

உங்கள் வண்டி லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தந்தால் 1,700 கிலோமீட்டருக்கு 113 லிட்டர். ஏசி, ஊருக்குள் அலைச்சல் எல்லாம் சேர்த்து 125 லிட்டருக்குப் பணம் ஒதுக்குங்கள்.

வழிக்கு என்ன சாப்பாடு கட்டலாம்?

முதல் நாளுக்குக் கட்டுச்சோறுதான். சாலையோர ஓட்டல்களில் நல்லவை நிறைய உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் விடுமுறை நாளில் காலை எட்டரை மணிக்கு ஓட்டலில் இடம் பிடித்து, ஐந்து பேருக்கு டிபன் வந்து, பில் கட்டி வெளியே வர ஒரு மணி நேரம் போய்விடும். மரத்தடியில் பாயை விரித்தால் இருபது நிமிடம்.

காலைக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. பொடியை நல்லெண்ணெயில் குழைத்து, இட்லி ஆறிய பிறகு இருபுறமும் பூசி, வாட்டிய வாழையிலையில் கட்டுங்கள். இலையை அனலில் வாட்டாவிட்டால் மடிக்கும்போது கிழியும். தேங்காய்ச் சட்னி வேண்டாம், வெயிலில் கெட்டுவிடும். மதியத்துக்குப் புளியோதரை. சாதத்தைத் தாம்பாளத்தில் கொட்டி நன்றாக ஆறவிட்டுத்தான் கலக்க வேண்டும், கலந்தபின் டப்பாவை மூடும் முன்னும் ஆற வேண்டும். சூட்டோடு மூடினால் ஆவி வேர்த்து ஊசிப்போகும். தயிர்சாதத்துக்குச் சாதத்தைக் குழைய வடித்து, நிறையப் பாலும் ஒரே ஒரு கரண்டி தயிரும் விட்டுப் பிசையுங்கள். மதியத்துக்குள் பக்குவமாகத் தோய்ந்திருக்கும். முழுக்கத் தயிரிலேயே பிசைந்தால் பதினொரு மணிக்கே புளிக்கும். தொட்டுக்கொள்ள நார்த்தங்காய் ஊறுகாயும் மோர்மிளகாயும்.

தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர் கணக்கில் எவர்சில்வர் கூஜாவிலும் கேனிலும் எடுத்துக்கொள்கிறோம். சாப்பிட்ட இலையையும் காகிதத்தையும் மரத்தடியில் விட்டுவிட்டு வராதீர்கள். நமக்கு நிழல் தந்த இடம் அது.

பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் கழிப்பறை?

இதை யாரும் உரக்கக் கேட்பதில்லை, அதனால்தான் நானே எழுதுகிறேன். வழியில் கழிப்பறை சரியாக இருக்காது என்று பயந்து அம்மா காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வருவார் என்பது எனக்குப் பல பயணங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. மதுரை போய்ச் சேரும்போது தலைவலி, மறுநாள் நீர்க்கடுப்பு. மனைவி சொல்லித்தான் காரணம் புரிந்தது.

இப்போது நிறுத்தும் இடங்களை முந்தின நாளே குறித்துவிடுகிறோம். நெடுஞ்சாலையில் இருக்கும் பெரிய பெட்ரோல் பங்குகள், கூட்டம் வரும் பெரிய ஓட்டல்கள் இரண்டிலும் கழிப்பறை ஓரளவு சுத்தமாக இருக்கும். பங்கில் டீசல் போட்டால்தான் அனுமதி என்றில்லை, தயங்காமல் கேளுங்கள். கூடையில் காகித சோப்பு, டிஷ்யூ, சானிட்டரி நாப்கின், ஒரு சின்னக் குவளை இருக்கட்டும். 'யாருக்காவது போகணுமா?' என்று பொதுவாகக் கேட்டால் பெரியவர்கள் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். கேட்காமல் நிறுத்துங்கள்.

மகளுக்குக் காரில் வாந்தி வருகிறது. என்ன செய்வது?

வயிறு முட்டவும் கூடாது, காலியாகவும் இருக்கக் கூடாது. இரண்டு இட்லி போதும், பால் வேண்டாம். போனையோ புத்தகத்தையோ குனிந்து பார்க்க விடாதீர்கள். தூரத்தில் தெரியும் மரத்தையும் மலையையும் பார்க்கச் சொல்லுங்கள். எலுமிச்சம்பழத்தை முகர்வது, இஞ்சி மிட்டாய் வாயில் அடக்கிக்கொள்வது சிலருக்கு உதவுகிறது. மாத்திரை என்றால் குழந்தையின் வயதுக்கும் எடைக்கும் எவ்வளவு என்று டாக்டரைக் கேட்டே கொடுங்கள். இந்த வழி பெரும்பாலும் நேர்ச்சாலை, மலைவளைவு இல்லை. நடுவில் ஊட்டியோ கொடைக்கானலோ சேர்க்க நினைத்தால் இரண்டுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் தேவைப்படுகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

மருந்துகளை எங்கே வைப்பது?

டிக்கியில் வேண்டாம், டாஷ்போர்டிலும் வேண்டாம். வெயிலில் நிறுத்திய காருக்குள் அனல் 50 டிகிரியைத் தாண்டிவிடும். இன்சுலினைக் குளிர்ப்பையில் வைத்து, ஐஸ் நேராகப் படாதபடி துணியைச் சுற்றி, இறங்கும்போது கையோடு எடுத்துப் போங்கள். வழக்கமான மாத்திரைகள் பத்து நாளுக்கு இருக்கட்டும். மருந்துச் சீட்டைப் படம் எடுத்துப் போனில் வையுங்கள். அதே காரணத்தால், ஐந்தே நிமிடம் என்றாலும் குழந்தையையோ தூங்கும் பெரியவரையோ மூடிய காருக்குள் விட்டுப் போகாதீர்கள்.

கோயில்களுக்கு என்ன உடை?

ஆண்களுக்கு இரண்டு வேட்டி, இரண்டு துண்டு கட்டாயம். கன்னியாகுமரி பகவதி அம்மன் கோயில், சுசீந்திரம், திருச்செந்தூர் மூன்றிலும் ஆண்கள் மேல்சட்டையைக் கழற்ற வேண்டும். ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தத்தில் முழுகி, உள்ளே 22 தீர்த்தங்களில் நீராடுகிறவர்கள் உடை மாற்றிக்கொண்டுதான் சுவாமி தரிசனத்துக்குப் போக முடியும். பெண்கள் அடர்நிறப் பருத்தி உடை அணிவது வசதி. ஈரத்துணி போட ரப்பர் பூசிய பை ஒன்று தனியாக வேண்டும், இல்லாவிட்டால் டிக்கி முழுக்க ஈர வாடை அடிக்கும். தீர்த்தப் பிரகாரத் தரை வழுக்கும், பெரியவர்களின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போன் கொண்டுபோக முடியாது, அறையிலேயே வைத்துவிட்டுப் போவது சுலபம். பகலில் நடை சாத்தும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

தனுஷ்கோடிக்கு நம் காரிலேயே போகலாமா?

போகலாம். 2017 முதல், நிலம் முடியும் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை இருக்கிறது. அதற்கு முன்பு மணலில் ஜீப்பில்தான் போக வேண்டும். இப்போது இரண்டு பக்கமும் கடல், நடுவே ஒற்றை நாடாபோல் சாலை. காலையிலேயே போய்விடுங்கள், சாயங்காலம் வெளியாட்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

தாரை விட்டுச் சக்கரத்தை மணலில் இறக்காதீர்கள். இறங்கினால் புதையும், எடுக்க ஆள் தேட வேண்டும். ராமேஸ்வரத்திலேயே எரிபொருளும் தண்ணீரும் நிரப்பிக்கொள்ளுங்கள். நிழல் கிடையாது, தொப்பியும் குடையும் வேண்டும். அரிச்சல்முனையில் கடலில் இறங்கவே கூடாது, நீரோட்டம் மோசமானது.

பிள்ளைகளுக்குப் போகும் வழியிலேயே கதையைச் சொல்லிவிடுங்கள். 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் கடல் இந்த ஊரை எடுத்துக்கொண்டது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த ரயிலும் அதிலிருந்த பயணிகளோடு போயிற்று. இடிந்த தேவாலயச் சுவர்களில் ஏறி நின்று படம் எடுக்கிறவர்களைப் பார்க்கும்போது மனசு கனக்கிறது. அங்கே ஜனங்கள் வாழ்ந்திருக்கிறார்கள்.

பாம்பன் சாலைப் பாலத்தின்மேல் காரை நிறுத்திப் படம் எடுப்பதும் வேண்டாம். பாலம் தாண்டி ஓரமாக நிறுத்திவிட்டு நடந்து வந்து பாருங்கள். 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்துக்குப் பதிலாக 2025 ஏப்ரலில் திறந்த புதிய தூக்குப்பாலம் பக்கத்திலேயே தெரியும்.

சின்னக் குழந்தையை முன்சீட்டில் மடியில் வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. இடித்தால் எந்தத் தாயின் கையாலும் பிடித்துவைக்க முடியாது, விரியும் ஏர்பேக் குழந்தையின் மேல்தான் மோதும். பின்சீட்டில், குழந்தைக்கான இருக்கையில் கட்டி உட்காரவையுங்கள். பின்சீட்டில் இருக்கும் பெரியவர்களும் பெல்ட் போட வேண்டும், சட்டமும் அதுதான்.

வழியில் விபத்தோ பழுதோ ஆனால்?

ஆம்புலன்ஸுக்கு 108. தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033. பழுது என்றால் வண்டியை முடிந்தவரை இடது ஓரம் தள்ளி, நான்கு விளக்கும் போட்டு, எல்லோரும் தடுப்புக்கு அந்தப்பக்கம் போய் நில்லுங்கள். வண்டிக்குள் உட்கார்ந்திருக்காதீர்கள்.

தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் சிக்கும் யாருக்கும், எந்த ஊர்க்காரராக இருந்தாலும், 'இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரத்துக்கான சிகிச்சைச் செலவை ஒரு வரம்பு வரை அரசு ஏற்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய திட்டம் இது. வேறு யாராவது அடிபட்டுக் கிடப்பதைப் பார்த்தாலும் நிறுத்துங்கள். உதவி செய்தவரைத் தன் பெயரைச் சொல்லச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்று மோட்டார் வாகன விதிகளிலேயே இருக்கிறது.

கன்னியாகுமரியிலிருந்து ஒரே நாளில் சென்னை வந்துவிடலாமா?

700 கிலோமீட்டர். முடியும் என்று சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் அது ஆறாம் நாள் களைப்போடு ஓட்டும் 700 கிலோமீட்டர். நாங்கள் திருச்சியில் தங்கிவிடுகிறோம். வரும் வழியில் கோவில்பட்டியில் கடலைமிட்டாய், சாத்தூரில் காராச்சேவு, மணப்பாறையில் முறுக்கு வாங்க நிறுத்தினாலும் இருட்டுவதற்குள் திருச்சிதான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை என்றால் காலை ஐந்து மணிக்கே அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். மதியத்துக்கு மேல் பரனூர் சாவடியிலிருந்து பெருங்களத்தூர் வரை தென்மாவட்டமே வரிசையில் நிற்கும். விடியலில் கிளம்பினால் பதினொரு மணிக்கு வீட்டில் இருக்கலாம், ஈரத்துணியெல்லாம் அன்றைய வெயிலிலேயே காய்ந்துவிடும்.